யாருக்குக் காவல்?

என் தாய்வழிப் பாட்டி ஒரு மோதிரம் போட்டிருந்தாள். அதில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பச்சைக் கல். பளிச்சென்ற பச்சை அல்ல. மழைக்காலம் முடிந்தபின் குளத்தின் அடித்தண்ணீரில் தெரியுமே, அந்த மாதிரி ஒரு மங்கிய பச்சை. தாத்தா கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப் பிள்ளையாக இருந்தபோது வாங்கி வந்தது. வீட்டில் அதற்குக் 'கொழும்புப் பச்சை' என்று பெயர். பாட்டிக்குப் பிறகு அம்மாவிடம் வந்தது. அம்மாவுக்குப் பிறகு என் வீட்டுப் பீரோவில் வந்து உட்கார்ந்தது. மூன்று தலைமுறையாக அதை மரகதம் என்றே நம்பி வந்தோம். எத்தனையோ கஷ்டங்கள் வந்தன. மற்ற நகைகளெல்லாம் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பின, சில திரும்பவில்லை. இந்த மோதிரம் மட்டும் வாசற்படி தாண்டவில்லை.

சென்ற ஆண்டு என் பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. மோதிரத்தை அவள் விரலுக்குத் தக்கபடி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று என் மனைவி விரும்பினாள். திருச்சியில் கல் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். அவர் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"தம்பி, இது மரகதம் இல்லை. சிர்க்கான். இலங்கைக் கல்லு. அதிலேயும் கெட்டுப்போன ஜாதி."

"கெட்டுப்போனதா? எங்கள் பாட்டி கண்ணைப்போல வைத்திருந்தாளே!"

பெரியவர் சிரித்தார். "உங்க பாட்டி கெடுக்கலை, தம்பி. மண்ணுக்குள்ள இருக்கும்போதே கெட்டுப்போச்சு. யாரும் கெடுக்கலை. தன்னைத் தானே கெடுத்துக்கிட்ட கல்லு."

இதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை; அவருடைய தகப்பனார் அப்படித்தான் சொல்வாராம். பார்த்ததற்குக் காசும் வாங்கிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, மரகதம் இல்லை என்ற ஏமாற்றத்தைவிட அந்த வாக்கியம்தான் என்னைத் தொந்தரவு செய்தது. தன்னைத் தானே கெடுத்துக்கொண்ட மனிதர்களை வைத்து நான் இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன். கல்லும் அப்படிச் செய்யுமா?

நான் விஞ்ஞானம் படித்தவனல்ல. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆனால் என் தங்கை மகன் வெளிநாட்டில் பீங்கான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறான். பீங்கான் என்றால் நாம் சாப்பிடும் தட்டு அல்ல. அணு உலைக் கழிவை அடைத்து வைப்பதற்கான பீங்கான். விடுமுறையில் வந்தவனிடம் மோதிரத்தைக் காட்டினேன். அடையைப் பிட்டுக்கொண்டிருந்த கையைக்கூட அவன் கழுவவில்லை.

"மாமா, இந்தக் கல்லிலேருந்துதான் எங்க துறையே பிறந்தது!" என்று கூவினான்.

இளைஞர்களுக்கு மிகைப்படுத்திப் பேசும் சுபாவம் உண்டு. ஆனாலும் அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அன்று இரவும் மறுநாளும் அவன் சொல்லி நான் தெரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

சிர்க்கான் என்பது சிர்க்கோனியம், சிலிக்கன், ஆக்ஸிஜன் மூன்றும் ஒழுங்காகக் கைகோத்து நிற்கும் ஒரு படிகம். நகைக் கடைகளில் 'அமெரிக்கன் டைமண்ட்' என்று விற்கிறார்களே, அது வேறு. அது மனிதன் செய்தது. இது பூமி செய்தது. மாத்தறை வைரம் என்று நம் முன்னோர் வாங்கி ஏமாந்ததும், தெரிந்தே வாங்கி மகிழ்ந்ததும் நிறமற்ற சிர்க்கானைத்தான். பூமிக்குள் இந்தப் படிகம் உருவாகும்போது, சிர்க்கோனியத்தின் இடத்தில் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் வந்து உட்கார்ந்துவிடுகின்றன, கல்யாண வீட்டுப் பந்தியில் அழைக்காத விருந்தாளி இலை போட்ட இடத்தில் உட்காருவதுபோல. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், எழுந்து போகாது. ஆனால் சும்மாவும் இருக்காது. எப்போதோ ஒரு சமயம் ஓர் அணு சிதைந்து 'ஆல்பா' என்ற துணுக்கை வீசி எறிகிறது.

இங்கேதான் எனக்கு ஆச்சரியமான சங்கதி. வீசப்பட்ட ஆல்பா வெகுவேகமாகப் பாய்ந்து போகிறது. மயிரிழையின் தடிமனுக்குள்ளேயே அதன் ஓட்டம் நின்றுவிடுகிறது. வழியில் அது செய்யும் சேதம் சொற்பம். பெரிய சேதம் செய்வது அதை வீசிய அணுதான். துப்பாக்கி சுட்டவனின் தோளில் இடிக்கிறதே, அதுபோல அந்தக் கனமான அணு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மிக மிகச் சிறிய தூரம்தான் நகர்கிறது. ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஆயிரக்கணக்கான அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்துவிடுகிறது. ஓடிப்போனவனால் குடும்பம் கெடுவதில்லை. பின்னால் தள்ளப்பட்டு அங்கேயே நிற்பவனால்தான் கெடுகிறது என்று எனக்குத் தோன்றிற்று. மருமகனிடம் சொன்னேன். "மாமா, இது பௌதிகம், கதை இல்லை" என்றான்.

சிதைவுகள் கூடக் கூட, ஒழுங்கு குலைந்த சிறு திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் படிகம் முழுவதுமே படிகமாக இல்லாமல் போய்விடுகிறது. வெளியே அதே உருவம், அதே பட்டை. உள்ளே கண்ணாடியைப்போல் வரிசை கெட்ட கூட்டம். நார்வே நாட்டு பிரோக்கர் என்ற கனிம அறிஞர் 1893-ல் இந்த நிலைக்கு 'மெட்டமிக்ட்' என்று பெயர் வைத்தார். அதற்கும் முன்னால், 1815-ல், ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ் காடோலினைட் என்ற கனிமத்தைச் சூடாக்கியபோது அது திடீரென்று தானே ஒளிவிட்டதைக் கண்டார். கதிரியக்கம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. உள்ளே அடக்கி வைத்திருந்த சேதமெல்லாம் சூடு பட்டதும் ஒரே மூச்சில் வெளிப்பட்டு, அணுக்கள் மறுபடி வரிசைக்குத் திரும்பியதன் வெளிச்சம்தான் அது என்று பின்னால் வந்தவர்களுக்குத்தான் புரிந்தது.

1955-ல் ஹாலண்ட், காட்ஃபிரீட் என்ற இருவர் இலங்கைச் சிர்க்கான்களை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள். அந்தக் கற்களின் வயது ஏறக்குறைய 55 கோடி ஆண்டு. யுரேனியம் குறைவாக உள்ள கல் நல்ல படிகமாகவே இருந்தது. நிறைய உள்ள கல் முற்றிலும் கெட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே எல்லாப் படிகளிலும் கற்கள் கிடைத்தன. நல்ல சிர்க்கானின் அடர்த்தி 4.7, கெட்டதன் அடர்த்தி சுமார் 4. அதாவது கல் உள்ளுக்குள்ளேயே நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு ஊதிவிடுகிறது. இரத்தினபுரிப் பக்கத்தில் ரத்தினக் கற்கள் கிடைக்கும் சரளை மண்ணுக்கு 'இல்லம்' என்று பெயராம், சிங்களச் சொல். நம் காதுக்கு அது எப்படிக் கேட்கிறது, பாருங்கள்! அந்த இல்லத்திலிருந்து வந்த ஒரு பிள்ளைதான் என் பாட்டியின் விரலில் இருந்தது.

சரி, இதற்கும் அணுக் கழிவுக்கும் என்ன சம்பந்தம்?

யுரேனியத்தை உலையில் எரித்தால் மின்சாரம் வருகிறது. அதோடு புளூட்டோனியமும் வருகிறது. அதன் ஆயுளில் பாதி 24,100 ஆண்டு. இப்படிப் பத்துப் பாதிகள் கழிந்தால்தான் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். அதற்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஆண்டு ஆகும். அதுவரை அது காற்றிலும் தண்ணீரிலும் கலக்காமல் இருக்க வேண்டும். எதில் வைப்பது? கண்ணாடியில் உருக்கி வார்த்து வைப்பது ஒரு முறை. மறுசுத்திகரிப்பில் மிஞ்சும் கழிவை நம் நாட்டிலும் தாராப்பூரிலும் கல்பாக்கத்திலும் அப்படித்தான் கண்ணாடியாக்குகிறார்கள். ஆனால் பிரித்தெடுத்த புளூட்டோனியம் போன்றவற்றுக்குக் கண்ணாடியைவிடக் கல்லே மேல் என்று ஒரு கட்சி உண்டு. 1978-ல் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ரிங்வுட், 'சின்ராக்' என்று ஒரு செயற்கைப் பாறையைச் செய்து காட்டினார். கோடிக்கணக்கான ஆண்டுகளாக யுரேனியத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டிருக்கும் கனிமங்கள் பூமியில் இருக்கின்றன. அவற்றைப்போலவே நாமும் செய்து, அதற்குள் கழிவை அடைத்துவிடலாம் என்பது அவருடைய யோசனை. எவ்வளவு அழகான யோசனை! தாய்ப் பூமி எப்படி வைத்திருக்கிறாளோ அப்படியே நாமும் வைப்போம் என்பது.

ஆனால் அதே பூமிதான் என் பாட்டியின் கல்லையும் காட்டுகிறது. கைதியை அடைத்த சிறைச் சுவரை உள்ளே இருக்கும் கைதியே இடிக்கிறான். யுரேனியம் சோம்பேறிக் கைதி. 55 கோடி ஆண்டு எடுத்துக்கொண்டான். புளூட்டோனியம் அப்படி அல்ல. 2007-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இயன் ஃபார்னனும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரு சிதைவுக்குச் சிர்க்கானில் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் அணுக்கள் பெயரும் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். இவர்கள் எண்ணிப் பார்த்தபோது ஐயாயிரத்தை நெருங்கிற்று. எடையில் பத்தில் ஒரு பங்கு புளூட்டோனியம் வைத்த சிர்க்கான், 1,400 ஆண்டுகளில் படிகத் தன்மையை முற்றும் இழந்துவிடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

வேண்டியது இரண்டரை லட்சம். கிடைப்பது 1,400.

படிகம் குலைந்த மறுநாளே விஷம் வெளியே ஓடிவிடும் என்று அர்த்தமல்ல. மருமகன் இதைப் பலமுறை வற்புறுத்திச் சொன்னான். கெட்ட சிர்க்கான்களும் தங்களுக்குள் இருந்த யுரேனியத்தைப் பெரும்பாலும் விடாமல்தான் இத்தனை கோடி ஆண்டு வைத்திருக்கின்றன. ஆனால் முழுக்கவும் நம்புவதற்கில்லை. கல் ஊதுகிறது, வெடிப்பு விடுகிறது, தண்ணீரில் முன்னைவிட எளிதாகக் கரைகிறது. பாறைகளின் வயதைக் கணிப்பவர்கள், ஈயம் கசிந்து போயிருக்கும் என்று, சேதமான சிர்க்கான் பொடியை ஒதுக்கிவிட்டு நல்ல பொடியைத்தான் தேடுகிறார்களாம்.

இவ்வளவையும் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு அப்புறம் யார் இருக்கப்போறா? இருக்கிற பிள்ளைங்களுக்கே நல்ல தண்ணி இல்லை. பிறக்காதவங்களுக்காக இவ்வளவு கவலையா?"

இது கேலிப் பேச்சு அல்ல. படித்தவர்களும் இதையேதான் நீளமான வார்த்தைகளில் சொல்லுகிறார்கள். இல்லாதவனுக்கு உரிமை ஏது? வரப்போகிறவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகளாக இருப்பார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

எனக்கு உடனே ஒரு பதில் தோன்றிற்று; அதில் கொஞ்சம் குரோதமும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையில் கதாநாயகியைச் சாக அடித்துவிட்டேன். அந்த இதழ் வந்த அன்று என் மனைவி அழுதாள். இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. "அவள் இருந்தாளா? பிறந்தாளா? அவளுக்காக அழுதாயே!" என்றேன். மனைவி பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. வாசகர்களே, நீங்களும்தான் எத்தனை இல்லாத மனிதர்களுக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறீர்கள்! இல்லாதவர்களின் துயரம் நம்மைத் தொடாது என்று கதை படிக்கிறவர்கள் சொல்லக் கூடாது.

ஆனால் இரவு படுத்தபின் என் வாதத்தின் ஓட்டை எனக்கே தெரிந்தது. கதாநாயகிக்காக அழுவதில் செலவில்லை. மறுநாள் காப்பி குடிக்கலாம். வரப்போகிறவர்களுக்காகக் கவலைப்படுவது அப்படியல்ல. அதற்குப் பணம் வேண்டும், நிலத்தடியில் குகை வேண்டும், பல தலைமுறைக்கு விடாப்பிடி வேண்டும். அமெரிக்காவும் ரஷ்யாவும் 2000-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன: அணுகுண்டுக்கு வேண்டாத புளூட்டோனியத்தில் ஆளுக்கு 34 டன்னை ஒழித்துக் கட்டுவது என்று. அமெரிக்கப் பங்கில் ஒரு பகுதியைப் பீங்கானில் அடைப்பதாக இருந்தது. 2002-ல் செலவைக் காரணம் காட்டி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். கண்ணீர் வேறு, காசு வேறு. என் மனைவி கேட்டது காசைப் பற்றித்தான். நான் பதில் சொன்னது கண்ணீரைப் பற்றி.

ஆகவே கேள்வியை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். இன்னும் பிறக்காதவனிடம் எனக்கு அன்பு உண்டா? உண்மையைச் சொன்னால், இல்லை. 1,400 ஆண்டுக்கு அப்பால் இருப்பவனை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. இன்றைக்கு 1,400 ஆண்டுக்கு முன் மகேந்திர பல்லவன் காலத்தில் வாழ்ந்த ஓர் உழவனுக்கு என் முகம் எப்படித் தெரிந்திருக்கும்? அவன் என்னை நேசித்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவன் என் ஊர்க் கிணற்றில் எதையாவது புதைத்துவிட்டுப் போயிருந்தால், அதுவும் தெரிந்தே புதைத்திருந்தால், அவனை நான் சும்மா விடமாட்டேன். அன்பு இல்லாத இடத்திலும் கடன் இருக்கிறது. கடன்காரனை யாரும் நேசித்துவிட்டுக் கடன் கொடுப்பதில்லை.

'தெரிந்தே' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1978-ல் சின்ராக் செய்தபோதும் கல் கெடும் என்று தெரியும். எவ்வளவு சீக்கிரம் என்பது சரியாகத் தெரியாது. 2007-க்குப் பிறகு அந்தச் சாக்கு குறைந்துவிட்டது. அந்தக் கணக்கை வெளியிட்டவர்களைப் பற்றியும் யோசித்தேன். கழிவைக் கல்லில் அடைப்பதுதான் அவர்களுடைய வேலையே. தங்கள் வேலை நம்பியிருந்ததைவிடக் கடினம் என்று தாங்களே எண்ணிப் பார்த்துச் சொன்னார்கள். மரகதம் அல்ல, சிர்க்கான் என்று திருச்சிப் பெரியவர் சொன்ன மாதிரி. மரகதம் என்று சொல்லிப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு என்னை அனுப்பியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

"அப்படியானால் கல்லை நம்பாதே என்கிறாயா?" என்று மருமகனைக் கேட்டேன்.

அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "கல்லை நம்பாட்டா வேறே யாரை நம்புறது, மாமா? இங்கிலாந்தில் சுமார் 140 டன் புளூட்டோனியம் கட்டடத்துக்குள்ளே பொடியா இருக்கு. வேலி, துப்பாக்கி, காவல்காரன். 2025 ஜனவரியிலேதான் அதையெல்லாம் கெட்டிப்படுத்தி அடைக்கிறதுன்னு அரசாங்கம் முடிவு சொல்லியிருக்கு. ஆயிரத்து நானூறு வருஷம் நின்ன அரசாங்கம் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்!"

என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னும் நல்ல கல் கிடைக்காதா என்று தேடிக்கொண்டும் இருக்கிறார்கள். கடோலினியம் சிர்க்கோனேட் என்று ஒன்று. அதை எவ்வளவு அடித்தாலும் குலைவதில்லை என்று 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டார்கள். காரணம் வேடிக்கையானது. அதில் இரண்டு ஜாதி உலோக அணுக்களுக்கும் பருமனில் வித்தியாசம் டைட்டானிய வகையைவிடக் குறைவு. ஒன்றின் நாற்காலியில் மற்றொன்று உட்கார்ந்தாலும் வீடு இடிவதில்லை. இடம் மாறினால் தாங்காத டைட்டானிய வகைக் கல் குலைகிறது; இடம் மாறுவதைப் பொறுத்துக்கொள்ளும் கல் நிற்கிறது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பொறுக்குகிற மோனசைட் மணல் வேறு ஒரு விதம். தோரியத்தைச் சுமந்துகொண்டு கோடானுகோடி ஆண்டு இருந்தும், அது கெட்டுப்போய்க் கிடைப்பது அபூர்வம். அடிபடுகிறது, ஆனால் சாதாரண வெப்பத்திலேயே தன்னைச் சரிசெய்துகொண்டுவிடுகிறது.

இந்தத் தேடலில் எனக்கு உறுத்திய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆயிரம் ஆண்டு காத்திருந்து பார்க்க யாராலும் முடியாது. ஆகவே புளூட்டோனியம் 239-க்குப் பதிலாக 238-ஐக் கல்லில் வைக்கிறார்கள். அதன் பாதி ஆயுள் 88 ஆண்டுதான். ஏறக்குறைய 275 மடங்கு வேகம். 1,400 ஆண்டுச் சேதம் ஐந்து ஆண்டில் முடிந்துவிடும். நாவலாசிரியனும் இதைத்தானே செய்கிறான்? முப்பது ஆண்டுத் தாம்பத்தியத்தை முந்நூறு பக்கத்தில் அடைக்கிறோம். ஆனால் முப்பது ஆண்டில் பட்ட அடிகளுக்கு நடுவே ஆறுவதற்கு நாட்கள் இருந்தன. முந்நூறு பக்கத்தில் இல்லை. கல்லுக்கும் அப்படித்தான் என்று மருமகன் ஒப்புக்கொண்டான். மெதுவாகப் பட்ட சேதத்தில் ஒரு பகுதி நடுநடுவே தானே ஆறிவிடக்கூடும். வேகமாகப் பட்ட சேதத்துக்கு அந்த அவகாசம் இல்லை. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் பிடிப்பதுதான் கஷ்டமாம். இந்த இடத்தில் மட்டும் "இது கதை இல்லை, மாமா" என்று அவன் சொல்லவில்லை.

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவில் உப்புப் பாறைக்குள் 650 மீட்டர் ஆழத்தில் ஒரு கிடங்கு 1999 முதல் நடக்கிறது. பத்தாயிரம் ஆண்டுக்குள் வருகிறவன் தெரியாமல் அங்கே தோண்டிவிடக் கூடுமா, தோண்டாமல் இருக்க என்ன எழுதி வைப்பது என்றெல்லாம் ஆராய, 1990-களின் தொடக்கத்தில் பல துறை அறிஞர்களைக் கூட்டினார்கள். கிரெகரி பென்ஃபோர்டு என்ற நாவலாசிரியரும் அழைக்கப்பட்டவர்களில் ஒருவர், பௌதிகப் பேராசிரியரும்கூட. என் தொழிலைச் சேர்ந்த ஒருவரையும் இதற்குக் கூப்பிட்டார்களே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு அவர் நிலைமையை நினைத்துப் பார்த்தேன். படிப்பவனின் பாஷை தெரியாது, எழுத்து தெரியாது. 'ஆபத்து' என்று எழுதினால் 'புதையல்' என்று எண்ணித் தோண்டுவானோ என்ற பயம் வேறு. அடுத்த வாரம் படிக்கப்போகிறவர்களுக்கு எழுதுவதே எனக்குச் சிரமமாக இருக்கிறது.

கடைசியில் மோதிரத்தின் விஷயம். "இதைப் பொண்ணுக்குப் போடலாமா, கூடாதா?" என்று என் மனைவி நேராகக் கேட்டாள். இவ்வளவு சின்னக் கல்லில் இருப்பது பயப்படும் அளவல்ல, பாட்டி எழுபது வயதுக்குமேல் போட்டுக்கொண்டுதானே இருந்தாள் என்று மருமகன் சிரித்தான். இருந்தாலும் மனைவிக்கு மனம் ஒப்பவில்லை. பெண்ணே முடிவு செய்யட்டும் என்று விட்டோம். அதற்கு அவளுக்கு விஷயம் தெரிய வேண்டுமல்லவா? ஒரு துண்டுக் காகிதத்தில், இது மரகதம் அல்ல, இலங்கைச் சிர்க்கான், உள்ளே யுரேனியம் இருக்கிறது, கல் தன் படிகத்தை இழந்திருக்கிறது, அதிகம் சூடுபடுத்த வேண்டாம் என்று ஆறு வரி எழுதி, மோதிரப் பெட்டிக்குள் மடித்து வைத்தேன்.

மறுநாள் பெண் அதை எடுத்துப் பார்த்தாள். அவள் தமிழ் நன்றாகப் பேசுவாள். படித்தது முழுக்க இங்கிலீஷில். என் நாவல்களில் ஒன்றைக்கூட அவள் முழுதாகப் படித்ததில்லை என்பது எனக்குத் தெரியும். விரலை வரியின்மேல் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தாள். 'சிர்க்கான்' வரைக்கும் வந்துவிட்டாள். 'படிகம்' என்ற இடத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, இது என்ன வார்த்தை?"

பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.